கோணங்குளத்தில் பள்ளிக்கூடம் திறந்த விதம்

எங்கள் கோணங்குளத்துக்காரர்களின் அறிவைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசுவதற்கு முன்னால் நாங்களே சொல்லிவிடுவது நல்லது. கொஞ்சம் குறைத்துச் சொல்லிக்கொள்ளலாம் பாருங்கள்.

கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலம். தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம் நொந்து போயிருந்தார். பாடம் சொல்ல ஒரு பிள்ளை இல்லை. வீட்டில் மனைவியிடம் வாய்ப்பாடு கேட்கப் போய், அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பிள்ளைகளோ எழுத்தை மறந்துகொண்டிருந்தார்கள். அஞ்சாம் வகுப்பு தர்ஷினி தன் பெயரைப் பாதி எழுதிவிட்டு, மிச்சத்தை அவரிடம் கேட்டுப் போனாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்வி அதிகாரி போனில் கூப்பிட்டார். "ஊர்ல கிருமி இருக்கா இல்லையான்னு நல்லாப் பாருங்க. இல்லைன்னா, எப்பத் திறக்கலாம்னு கூடிப் பேசி முடிவு பண்ணுங்க. முக்கியமா, ரெண்டு பிள்ளைங்களுக்கு இடையில ஆறடி. மறந்துடாதீங்க!"

ஞானப்பிரகாசம் ஒரு சொல் பிசகாமல் ஊராரிடம் ஒப்பித்தார்.

"பாக்கச் சொன்னா பாத்துர வேண்டியதுதான்" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் பேச்சிமுத்து. அவர்தான் தர்ஷினியின் அப்பா. "கிருமி பாக்க எப்படி சார் இருக்கும்?"

"கண்ணுக்கே தெரியாது."

எல்லோரும் போய்ப் பள்ளிக்கூட ஜன்னலில் முகத்தை வைத்து அழுத்தினார்கள்.

"ஒண்ணுமே தெரியலையே" என்றார் மளிகைக்கடை சங்கிலிப்பாண்டி.

ஞானப்பிரகாசம் ஜன்னலை விட்டுப் பின்வாங்கினார். "தெரியலையா? அப்ப இருக்கு!"

"பொறுங்க சார். மேசை மேல என்னமோ தெரியுது."

"அது பல்லி. தெரியுதுல்ல, அதனால அது கிருமி இல்லை."

"கிருமி இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. திறந்துரலாம்ல?"

"பல்லி இருக்கிற இடத்துல இல்லை. மத்த இடத்துல ஒண்ணும் தெரியலையே, அங்கெல்லாம் இருக்கு."

அறை முழுக்கப் பல்லி விடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அவ்வளவு பல்லிக்கு எங்கே போவது என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்து, அந்த ஆறடி.

"இடைன்னா இடுப்பு" என்றாள் சத்துணவு சமைக்கும் செல்லக்கனி. "ரெண்டு பிள்ளைங்களுக்கு இடுப்புல ஆறு அடி போடச் சொல்றாரு."

"எந்த ரெண்டு பிள்ளைக்கு?" என்று பதறினார் பேச்சிமுத்து. "என் மக ஒரு தப்பும் பண்ணலையே!"

"பிரம்பையே தொடக்கூடாதுன்னவங்க இப்ப அடிக்கச் சொல்றாங்கன்னா, நோய் எவ்வளவு பொல்லாததா இருக்கணும்!" என்றார் ஞானப்பிரகாசம். "பிள்ளைங்க முகத்தைப் பாக்கணும்னு ஏங்கிக் கிடக்கேன். வந்ததும் வராததுமா அடிக்கவா?" அவர் துண்டால் கண்ணைத் துடைக்க, கூட்டமே மூக்கை உறிஞ்சியது.

முதலில் தெளிந்தவர் சங்கிலிப்பாண்டி. "அடி பிள்ளைங்களுக்குத்தானே? பெரியவங்களுக்கு இல்லையே? நாம போய் உக்காந்து பாப்போம். காய்ச்சல் வந்தா கிருமி இருக்கு. வராட்டி இல்லை. அப்புறம் தேதி குறிப்போம்."

இப்படி ஒரு மூளை மளிகைக்கடையில் முடங்கிக் கிடக்கிறதே என்று ஊரே வருத்தப்பட்டது.

மறுநாள் காலை எல்லோரும் அஞ்சாம் வகுப்பு பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ஞானப்பிரகாசம் சும்மா காவலுக்குத்தான் வந்தார். ஆனால் நிறைந்த வகுப்பைப் பார்த்ததும் கை தானாகச் சாக்பீஸைத் தேடியது.

"பேச்சிமுத்து!"

"உள்ளேன் ஐயா!"

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "ஏழெட்டு எவ்வளவு?" என்றார்.

"அதை நான் மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?" என்று பேச்சிமுத்து வாக்கெடுப்புக்கு விட்டார். ஐம்பத்து நாலு என்று ஒருமனதாக நிறைவேறியது. ஞானப்பிரகாசத்துக்கும் அதுவே சரியென்று பட்டது. வாய்ப்பாட்டைத் தொட்டுத்தான் எவ்வளவு நாளாயிற்று!

தினமும் வந்து உட்கார்ந்தும் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஆனால் அதற்குள் தேர்வு வந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்த பெரியவர்கள் ஒருத்தர் விடாமல் பெயில்.

நோய் அடங்கி ஊர் உலகமெல்லாம் பள்ளி திறந்த பிறகு அதிகாரி நேரில் வந்தார். பிள்ளைகள் பையோடு வாசலில் நின்றார்கள். உள்ளே பஞ்சாயத்துத் தலைவர் ஸ்லேட்டை நக்கி அழித்துக்கொண்டிருந்தார்.

"சார், பிள்ளைங்களை உள்ளே விடுங்க!"

"எப்படி சார்?" என்றார் ஞானப்பிரகாசம் பணிவாக. "இவங்க பாஸாகி எழுந்திரிச்சாத்தானே இடம்?"

அதிகாரி ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வண்டியேறிப் போய்விட்டார்.

ஞானப்பிரகாசம் வகுப்பை முறைத்தார். "நாளைக்கு எல்லாரும் வீட்டிலேருந்து பெரியவங்களைக் கூட்டிட்டு வரணும்."

"வீட்டுப் பெரியவங்க நாங்கதானே சார்?" என்றார் சங்கிலிப்பாண்டி.

"அப்ப வீட்டில் மிச்சம் இருக்கிறவங்க வரட்டும்."

மறுநாள் தர்ஷினி தலைவாரி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பக்கத்தில் பேச்சிமுத்து கைகட்டித் தலைகுனிந்து நின்றார். விடைத்தாளைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"வீட்ல புத்தகத்தைத் தொட்டாத்தானே சார்? எந்நேரமும் போனும் கையுமாத்தான் இருக்காரு" என்றாள். "நீங்க கூச்சப்படாம இன்னும் ரெண்டு வருஷம் இதே வகுப்புல போடுங்க. அவசரப்பட்டு மேல ஏத்திவிட்டு, நாளைக்கு ஆறாம் வகுப்புல போய்த் திணறக்கூடாது பாருங்க."