தித்தன் கைக்கு ஒரு பிடி

மலைக்கு ராஜா கிடையாது, காட்டுக்குக் கணக்குப்பிள்ளை கிடையாது, அப்படி ஒரு காலம். எந்த மலை, எந்தக் காடு என்றெல்லாம் குறுக்கே கேட்காதீர்கள். கதை முடிந்ததும் கேளுங்கள்.

அந்த மலையில் மருதி என்று ஒருத்தி இருந்தாள். கொல்லன் மகள். பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்தது ஓர் உலை, ஒரு சம்மட்டி, ஒரு நாக்கு. அதில் எது அதிகம் சுடும் என்று ஊருக்கே தெரியும்.

அவள் புருஷன் தித்தன் வேடன். கத்தி வீச்சில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர் வாங்கியவன். போன மழைக்காலத்தில் ஒரு கரடியோடு கட்டிப் புரண்டான். உயிர் தப்பியது. கத்தி பள்ளத்தில் போயிற்று. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கரடியோடு போயின.

வைத்தியன் பச்சிலை வைத்துக் கட்டினான். புண் ஆறியது. தித்தன் மட்டும் கையில் சுற்றிய துணியை அவிழ்க்கவே இல்லை. சோறு தின்பதும் இடது கையால்தான். ஊரில் ஒருவரை விடாமல் கேள்வி கேட்கிற மருதி, அந்தக் கையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பார்க்க அவளுக்கும் பயம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வேட்டைக்காலம் தொடங்குமுன் ஊர்த் தலைவரான மூப்பன் முன்னால் பச்சை மூங்கில் நடுவார்கள். ஒவ்வொரு வேடனும் தன் கத்தியால் ஒரே வீச்சில் அதை வெட்ட வேண்டும். மூன்று வீச்சு வரை பொறுப்பார்கள். அதிலும் முடியாதவன் வேட்டைக்கு ஆகமாட்டான். ஆயுசு முழுக்கத் தினைப்புனத்துப் பரணில் ஏறிப் பெண்பிள்ளைகளோடு கிளி ஓட்ட வேண்டியதுதான்.

"தித்தண்ணே, கவண் பழகிட்டியா? கிளியெல்லாம் உன்னைத்தான் விசாரிக்குது" என்றான் பூழன் என்கிற இன்னொரு வேடன்.

தித்தன் சிரித்து வைத்தான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மருதிக்கு அதுதான் தாங்கவில்லை. எதிர்த்துப் பேசுகிறவனோடு சண்டை போடலாம். சுவரைப் பார்த்துப் படுத்தவனோடு என்ன செய்வது?

உலையை மூட்டினாள். இரும்பைப் பழுக்கக் காய்ச்சினாள், அடித்தாள், மறுபடி காய்ச்சினாள், மறுபடி அடித்தாள். தண்ணீரில் தோய்த்தபோது அது சீறிய சீற்றம் அவள் பேச்சைப் போலவே இருந்தது. புதுக் கத்தியின் அலகு அருமையாக அமைந்தது. இனி பிடி.

முதலில் சந்தனக்கட்டையில் பிடி செதுக்கினாள். மயில் ஒன்று வரைந்து, மினுமினுவென்று இழைத்துக் கொடுத்தாள். தித்தன் கொல்லையில் நின்ற வாழையில் வீசிப் பார்த்தான். கத்தி நழுவி ஆட்டுக்கொட்டிலில் போய் விழுந்தது.

"ஆட்டுக்கு எதுக்கு மாமா கத்தி?" என்றாள் மருதி. அவன் சிரிக்கவில்லை.

இரண்டாவது, கருங்காலி. இதில் வழுக்காமல் இருக்க, விரல்கள் பதிந்து உட்காரும்படி பள்ளம் பள்ளமாகக் குடைந்தாள். பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. கொண்டுபோய் நீட்டினாள்.

தித்தன் அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு பள்ளம் வெட்டியிருக்கியே புள்ள" என்றான். கத்தியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மருதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யார் கையை அளந்து இதைச் செய்தோம்? வேங்கை பூத்த நாளில், கல்யாணத்தன்று, ஊர் பார்க்கத் தன் கையைப் பற்றினானே ஒருத்தன், அவன் கையை. அந்தக் கை இப்போது இந்த வீட்டில் இல்லை. இருக்கிற கையை அவள் இன்னும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

தேனடை பிழிந்த மெழுகை இளக்கி உருட்டிக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள்.

"இதைப் பிடி மாமா."

இடது கையை நீட்டினான்.

"அது வேண்டாம். இன்னொண்ணு."

"மருதி, வேண்டாம் புள்ள. நல்லா இருக்காது."

"நல்லா இருக்குன்னா உன்னைக் கட்டிக்கிட்டேன்? எங்கப்பன் காட்டினான், கட்டிக்கிட்டேன். நீட்டு!"

அவளே துணியை அவிழ்த்தாள். மூன்று விரல். மிச்சம், வெளுத்து மடிந்த தழும்பு. மருதி அழவில்லை. அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தழும்பின் ஓரத்தை மெல்லத் தடவினாள்.

"வலிக்குதா?"

"இல்ல. சில்லுனு இருக்கும், அவ்வளவுதான்."

"இத்தனை நாளா வெயில் படாம மூடி வச்சா சில்லுனு இல்லாம வேற எப்படி இருக்கும்?" என்று திட்டினாள். மெழுகை அந்த உள்ளங்கையில் வைத்து, மூன்று விரல்களையும் தன் இரண்டு கைகளாலும் மூடினாள்.

மூன்றாவது பிடியை வேங்கைமரத்து வேர்க்கணுவில் செய்தாள். இழைக்கவில்லை, மயில் வரையவில்லை. கணு எப்படி முண்டியிருந்ததோ அப்படியே விட்டு, மெழுகில் பதிந்த தடத்துக்கு மட்டும் குடைந்தாள். விரல் இல்லாத இடத்தில் மரம் புடைத்துக்கொண்டு வந்து தழும்பைத் தாங்கியது. கத்தியின் வாலை, பிடிக்குள் போகும் முனையை, பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கி, அரக்கு ஊற்றி இறுக்கினாள்.

"வெறும் கையில பிடி. துணியோட பிடிச்சா நிக்காது" என்று சொல்லிக் கொடுத்தாள்.

ஆனால் ஆண்பிள்ளைக்கு எப்போது புத்தி ஒரே தடவையில் ஏறியிருக்கிறது? மூங்கில் நட்ட அன்று தித்தன் துணியைச் சுற்றிக்கொண்டே களத்தில் இறங்கினான்.

முதல் வீச்சு. கத்தி திரும்பிக்கொண்டது. இரண்டாவது வீச்சு. கத்தி கையை விட்டே பறந்தது.

"பரணுக்கு ஏணி எடுத்து வைங்கடா!" என்றான் பூழன். களமே சிரித்தது.

தித்தன் கத்தியை எடுக்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது மருதியைப் பார்த்தான். அவள் சைகை காட்டவில்லை, கத்தவில்லை. ஆயுசில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள் சொல்லிக் கொடுத்தது அப்போதுதான் அவன் காதில் ஏறியது.

பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தான். துணி விழுந்தது. ஊர் முழுக்க அந்தக் கையைப் பார்த்தது. சிரிப்பு நின்றது.

மூன்றாவது வீச்சு. மூங்கில் இரண்டாகி, மேல்துண்டு மூப்பன் காலடியில் போய் விழுந்தது.

"வேட்டைக்கு வா" என்றார் மூப்பன்.

பூழனுக்குப் பொறுக்கவில்லை. "கத்தியில ஏதோ மாயம் இருக்கு, கொடு" என்று வாங்கி வீசினான். அவன் கைக்கு அந்தப் பிடி முண்டும் முடிச்சுமாக உறுத்தியது. கத்தி எகிறிப் புதரில் விழுந்தது.

"தூ, இதெல்லாம் ஒரு பிடியா!"

"உனக்குச் செய்யலையே" என்றாள் மருதி.

பிள்ளைகளே, பெரியவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: அன்புள்ளவரிடம் காயத்தை மறைக்கவும் கூடாது, அன்புள்ளவர் அதைப் பார்க்க அஞ்சவும் கூடாது, இன்றைக்கு இருக்கிற கையை அளந்தால்தான் அதில் நிற்கும் பிடியைச் செய்ய முடியும்.