அப்பளத்துக்குள் அடங்கிய வல்லபராயர்

வெகு காலத்துக்கு முன்னால், வெயிலுக்குக் குறைவே இல்லாத ஒரு சீமையைச் செங்கதிரேந்திரன் என்ற ராஜா ஆண்டுவந்தான். சூரிய குலம் என்று அவனுக்கு ஏக கர்வம். சூரியனைத் 'தாத்தா' என்றுதான் சொல்வான். தாத்தா கோபித்துக்கொள்வார் என்று அந்தச் சீமையில் யாரும் குடை பிடிக்கக் கூடாது!

அவன் சிம்மாசனத்துக்கு முன்னால் நந்தி மாதிரி நிற்பவர் வல்லபராயர். ராஜா தும்மினால்கூடப் புகழ்ந்து பாடுவார். ஏரி உடைந்து பயிரைப் பறிகொடுத்த குடியானவர்கள் ஒரு மாதமாக அரண்மனை வாசலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். மந்திரி தில்லைக்கூத்தர் அவர்களைப் பற்றி வாயைத் திறந்தாலே, "மகாராஜா களைத்திருக்கிறார்" என்று ராயர் தடுத்துவிடுவார். களைத்துப்போக அவன் என்ன வேலை செய்தான் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒருநாள் பட்டப்பகலில் முழுக் கிரகணம். விளிம்பு பிசகாமல் நிலா சூரியனை மூடிவிட்டது. ராஜா பதறிப்போனான்.

"கூத்தரே! அந்த நிலாவும் தாத்தாவும் ஒரே அளவா?"

"பார்வைக்கு ஒரே அளவுதான், மகாராஜா."

"கேட்டீர்களா? சூரிய குலத்தையே மட்டம் தட்டுகிறார். ராஜத் துரோகம்!" என்று துள்ளினார் ராயர்.

"தாத்தாதான் பெரியவர் என்று நாளைக்குள் நிரூபியும். இல்லாவிட்டால் உம் தலை போகும்" என்றான் ராஜா.

மறுநாள் மந்திரி ஒரு பொரித்த அப்பளத்தோடு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இதை ஜன்னலில் தெரிகிற கோபுரத்துக்கு நேரே பிடியுங்கள். கோபுரம் தெரிகிறதா?"

"தெரியவில்லையே!"

"அப்படியானால் அப்பளமும் கோபுரமும் ஒரே அளவுதான்."

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். "சாவு பயத்தில் மந்திரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது! அப்பளம் கிட்டத்தில் இருக்கிறது, கோபுரம் தூரத்தில் இருக்கிறது. கிட்டத்தில் இருந்தால் அற்பப் பொருள்கூடப் பெரியதை மறைக்கும். இதுகூடத் தெரியாதா?"

"நான் சொல்ல வந்ததை ராயரே சொல்லிவிட்டார். நிலா சின்னது, ஆனால் கிட்டத்தில் இருக்கிறது. தாத்தா மிகப் பெரியவர், வெகு தூரத்தில் இருக்கிறார். அதனால்தான் நம் கண்ணுக்கு இரண்டும் சமமாகத் தெரிகின்றன."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. மந்திரியின் தலை தப்பியது. ஆனால் அவர் விடவில்லை.

"மகாராஜா, இப்போது அப்பளத்தை ராயருக்கு நேரே பிடியுங்கள். ராயரே, நீங்கள் அதற்குள் அடங்கும்வரை வாசல் பக்கமாகப் பின்னால் நடங்கள்."

"நடவும்!" என்றான் ராஜா, விளையாட்டு ருசித்துப்போய்.

ராயர் நடந்தார். சபையின் கோடி வரை போனபிறகுதான் அடங்கினார். ராஜா அப்பளத்தை இறக்கிவிட்டுப் பார்த்தான். வாசல் முழுக்க ஜனங்கள்!

"யார் இவர்கள்?"

"ஏரி உடைந்த ஊர்க்காரர்கள், மகாராஜா. ஒரு மாதமாக அங்கேதான் நிற்கிறார்கள். ராயர் கிட்டத்தில் நின்றதால் தெரியவில்லை."

ராஜாவுக்கு அவமானமாக இருந்தது. ஏரிக்கரை உடைப்பை அடைக்க அப்போதே ஆள் அனுப்பினான். ராயர் பல்லை இளித்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தார்.

"அங்கேயே நில்லும்! இனி அதுதான் உம் இடம். கூத்தரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"குடை, மகாராஜா. ஊருக்கெல்லாம்."

"தாத்தாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்று ராஜா ஒப்புக்கொண்டான்.

அதற்குப் பிறகு தினமும் சபை கூடியதும் ராஜா ஓர் அப்பளத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பான். ராயர் அதற்குள் அடங்கியிருந்தால், அதை நொறுக்கித் தின்றுவிட்டுக் குடிகளின் குறைகளைக் கேட்கத் தொடங்குவான்.