பீரோவுக்குள் ஐந்து வண்டிகள்

"ஓடலேன்னா வர மாட்டாங்க, சரி. அஞ்சும் நல்லாத்தான் ஓடுது மேடம். அப்படியும் ஒரு பிள்ளைகூட ஆய்வகத்துக்கு வர மாட்டேங்குது."

சொல்லிவிட்டுத் தாணுமூர்த்தி வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பத்துநான்கு வயது. பயிற்சி மையத்தில் எதிரே இருந்த பெனிட்டாவுக்கு அவர் மகள் வயதுதான். ஆனால் அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள்.

அந்த ஐந்து வண்டிப் பெட்டிகளை அவர் பள்ளிக்கு அனுப்பியதும் அவள்தான். பொக்லைன் மாதிரி, டயருக்குப் பதில் பட்டையில் ஊர்ந்து போகிற சின்ன மோட்டார் வண்டி. பாகம் பாகமாக வரும். கட்டித்தான் ஓட்ட வேண்டும்.

"மாசக் கடைசியில கல்வி ஆபீஸ்லேருந்து வந்து பார்ப்பாங்களாம். பிள்ளைங்க வரலேன்னா எல்லாத்தையும் வேற பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துருவாங்களாம். இருபத்தெட்டு வருஷத்துல எங்க பள்ளிக்கு வந்த ஒரே நல்ல பொருள் மேடம்."

"யார் சார் கட்டினது?"

"நான்தான். லீவுல உட்கார்ந்து அஞ்சையும் முடிச்சேன். பிள்ளைங்க கையில கொடுத்தா திருகாணியைத் தொலைச்சிரும். கண்ணாடி பீரோவுல வச்சு, 'தொடாதீர்'னு எழுதி ஒட்டியிருக்கேன். வாரம் ஒருநாள் நானே எடுத்து ஓட்டிக் காட்டுவேன்."

"காட்டினா?"

"முதல் வாரம் கைதட்டினாங்க. ரெண்டாவது வாரம், இசக்கியம்மாள்னு எட்டாம் வகுப்புப் பிள்ளை, என் முகத்துக்கு நேரா கொட்டாவி விடுது."

அந்தக் கொட்டாவியை அவரால் மறக்க முடியவில்லை. தன் குரல்தான் சலித்துவிட்டதோ, போதும் என்று விலகிவிட வேண்டியதுதானோ என்று பல நாள் யோசித்திருந்தார்.

பையிலிருந்து ஒரு வண்டியை எடுத்து மேசைமேல் விட்டார். அது நேராகப் போய், பெனிட்டாவின் டிபன் பாக்ஸ்மேல் ஏறி இறங்கியது.

அவள் வண்டியை எடுத்து, ஒரு மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினாள். கீழே விட்டாள்.

வண்டி நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது.

வாத்தியார் சிரித்துவிட்டார்.

"என்கிட்டயேவா மேடம்! ரெண்டு மோட்டாரும் முதுகோட முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கு. ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஒயர் கொடுத்தா ஒரு பட்டை முன்னால ஓடும், இன்னொண்ணு பின்னால ஓடும்."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு நாள் உயிரை வாங்கிருச்சே! சோறு இறங்கலை. மூணாம் நாள் கண்ணாடியைப் பார்த்து சவரம் பண்ணிக்கிட்டிருக்கேன், சட்டுனு புரிஞ்சுபோச்சு. போட்ட கூச்சல்ல, கழுத்தை அறுத்துக்கிட்டேன்னு வீட்டுக்காரி கரண்டியோட ஓடி வந்துட்டா."

நெடுநாளைக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்திருந்தது.

பெனிட்டா ஒரு திருப்புளியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எதுக்கு மேடம்?"

அவள் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அவள் மோர் சாதத்துக்கு வரும்வரை அவர் திருப்புளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை மடியில் வைத்து, முதல் திருகாணியைக் கழற்றினார்.

திங்கட்கிழமை ஐந்து வண்டிகளும் பாகங்களாகி ஆய்வகத் தரையில் கிடந்தன. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் இசக்கியம்மாளின் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றியது. அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"சார், கிறுக்குப் பிடிச்ச மாதிரில்லா சுத்துது! எங்க தப்புன்னு சொல்லுங்க சார்."

இரண்டே ஒயர். அரை நிமிஷ வேலை. அவர் கை தானாக முன்னால் போனது. அதை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ரெண்டு நாள் இப்படித்தாம்மா சுத்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் சுத்தலை."

"நல்லாச் சொன்னீங்க போங்க" என்று முணுமுணுத்தபடி அவள் வண்டியைக் கவிழ்த்துப் போட்டாள்.

பள்ளி விடும் மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நேரமாச்சும்மா. கொடு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று கையை நீட்டினார்.

இசக்கியம்மாள் வண்டியை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க சார்!"