கயிறு அறுத்த நாள்

மூன்று பேர் ஒரு காரியம் செய்தார்கள். அவர்களில் சரியாகச் செய்தவர் யார் என்று கடைசியில் கேட்பேன். எந்த ஊர், எந்தச் சாதி என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். தெரிந்துவிட்டால் கதை முடியும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். கயிற்றின் நிறங்களைக்கூட மாற்றித்தான் எழுதுகிறேன்.

தெற்கே ஒரு ஊர். அங்கே பிள்ளை நடக்கத் தொடங்கியதும் குலசாமி கோயிலில் வைத்து வலது மணிக்கட்டில் கயிறு கட்டுவார்கள். ஒரு தெருவுக்கு ஊதாவும் வெள்ளையும், இன்னொரு தெருவுக்குப் பச்சையும் கறுப்பும். கயிறு நைந்தால் புதுக்கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பார்கள். கை ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது என்பது வழக்கம். பள்ளிக்கூடம் போகும் பேருந்தில் ஊதாக்கயிறு இடப்பக்கம் உட்காரும், பச்சைக்கயிறு வலப்பக்கம். கயிறு இல்லாத தெருப் பிள்ளைகள் படிக்கட்டில் தொங்குவார்கள். யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் கண்டக்டர்கூட கையைப் பார்த்துத்தான் ஏற்றுவார்.

அந்த ஊர் சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்தவள் நர்ஸ் பூரணி. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் நித்திலன், ஏழாம் வகுப்பு. வந்த வாரமே, படிக்கட்டிலிருந்து விழுந்த ஒரு பையனுக்கு அவள்தான் தலையில் தையல் போட்டாள். தன் மகனும் அதே படிக்கட்டில்தான் போகிறான். கை கழுவிவிட்டு நேராக ஃபேன்சி ஸ்டோருக்குப் போனாள். ஊதாவும் வெள்ளையும் வாங்கி, மண்ணில் புரட்டிப் பழசாக்கி, மகன் கையில் கட்டினாள். யாராவது கேட்டால் நாங்களும் உங்க ஆளுகதான், மதுரைப் பக்கம் என்று சொல்லச் சொல்லி நாலு தடவை ஒப்பிக்க வைத்தாள்.

நித்திலனுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, முகுந்தன் பக்கத்தில். முகுந்தனின் அப்பாதான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். உங்க அம்மா ஊசி போடும்போது வலிக்காதுன்னு பொய் சொல்றாங்கல்ல, எனக்கு ரெண்டு நாள் உட்கார முடியல என்று முகுந்தன் கேலி செய்வான். வகுப்பிலும் இருவருக்கும் ஒரே பெஞ்சு. இப்படி ஒரு மாதம்கூட ஓடவில்லை.

அதற்குள் பள்ளியில் ஊதாவுக்கும் பச்சைக்கும் சண்டை. ஒருவன் காம்பஸால் இன்னொருவன் தொடையில் குத்திவிட்டான். தலைமையாசிரியை லூர்தம்மாள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலை வழிபாட்டில் கத்தரிக்கோலோடு நின்றார். வேளாங்கண்ணியில் கட்டிக்கொண்டு வந்த தன் கயிற்றை முதலில் அறுத்தார். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து அறுத்தார்.

"இனிமே யார் கையைப் பார்த்தும் யாரும் எதுவும் சொல்ல முடியாது" என்றார். சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

முதல் பாடவேளை. மேசைமேல் அத்தனை வெறுங்கைகள். வெயில் படாமல் வருஷக்கணக்கில் கயிற்றுக்கு அடியில் கிடந்த தோல், கயிறு கட்டியிருந்த எல்லார் மணிக்கட்டிலும் வளையம்போல வெளுத்துத் தெரிந்தது. அவர்களில் நித்திலன் கை மட்டும் முழங்கை முதல் விரல்வரை ஒரே நிறம். அதை முதலில் பார்த்தவன் முகுந்தன். உடனே தன் பிறந்த நாளுக்கு வாங்கிய வாட்சைக் கழற்றி, நித்திலனின் வலது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினான்.

"வீட்டுக்குப் போற வரைக்கும் கழட்டாதல."

மாலைப் பேருந்தில் ஊதாக்கயிற்றுத் தெருவின் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் இருந்தார்கள்.

"இது முகுந்தன் வாட்சுல்லா. வலது கையில எவம்ல வாட்ச் கட்டுவான்? கழட்டு."

வாட்சைக் கழற்றியதும் வளையமில்லாத கை தெரிந்தது. பிறகு பேருந்தில் நடந்ததை நான் எழுத மாட்டேன். நித்திலனின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. வண்டி எங்கும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பள்ளியில் கூட்டம் போட்டார்கள். முகுந்தனின் அப்பா எழுந்து, "கயிறு இருந்த வரைக்கும் யார் யாருன்னு தெரிஞ்சுது. சண்டைகூட ஒரு அளவோட இருந்துச்சு. இந்தம்மா வந்து கெடுத்துட்டாங்க" என்றார். இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். அந்த ஊரில் அவர்கள் ஒன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். சம்பவம் பள்ளி வளாகத்துக்கு வெளியே நடந்ததால் பள்ளிக்குப் பொறுப்பில்லை என்று மேலதிகாரிகள் முடித்துவிட்டார்கள். அதிகாரம் மீறியதற்காக லூர்தம்மாளை வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலில் பிள்ளைகளுக்கு மறுபடியும் கயிறு கட்டியாயிற்று. முகுந்தனை அவன் அப்பா பெல்ட்டால் அடித்து, முன்பைவிடத் தடிமனான கயிற்றோடு தொலைவில் ஒரு ஹாஸ்டலில் விட்டார். பூரணி மகனோடு ஊரைக் காலி செய்தாள். புது ஊரில் நித்திலன் பள்ளிக்கூடம் என்றாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான்.

இப்போது சொல்லுங்கள். பொய்க்கயிறு கட்டிய பூரணி, எல்லார் கயிற்றையும் அறுத்த லூர்தம்மாள், வாட்சைக் கொடுத்த முகுந்தன். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பூரணியை என்னால் குறை சொல்ல முடியவில்லை, ஆனால் அவள் மகனை ஏற்றிவிட்டது படிக்கட்டைவிட ஆபத்தான இடத்தில். லூர்தம்மாள் நினைத்தது நியாயம். அறுத்தபின் அந்தக் கைகள் எப்படி இருக்கும் என்றோ, அவை எந்தப் பேருந்தில் வீட்டுக்குப் போகும் என்றோ அவர் நினைக்கவில்லை. முகுந்தன் ஒருவன்தான், தனக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்தே, பக்கத்தில் இருந்தவனுக்காகச் செய்தான். ஆகவே முகுந்தன் செய்ததுதான் சரி. அதனால் யாரும் தப்பவில்லை என்பது வேறு. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க வேண்டும். அவனுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது நான் முகுந்தனை விட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.