நீலப் பாம்புக்கு ஒரு ஜோடி

எங்கள் விலங்கியல் துறைத் தலைவர் நவநீதராஜுக்கு அந்த வாரம் இருப்புக்கொள்ளவில்லை. துறை மியூசியத்தில், லேபிள் உதிர்ந்த பழைய ஜாடி ஒன்றில், ஸ்பிரிட்டில் ஊறிய நீலப் பாம்பு அவர் கண்ணில் பட்டுவிட்டது. உலகம் காணாத புது இனம் என்று சொல்லி, அதற்குத் தன் பெயரையே வைத்துவிட்டார்.

"ஒன்றை வைத்து நம்ப முடியாது, இன்னொன்று காட்டுங்கள். திங்கட்கிழமை வருகிறோம்" என்றது பல்கலைக்கழகக் குழு.

வகுப்பில் இந்தப் பெருமையைக் கேட்டுச் சிரித்தவள் இசக்கியம்மாள். அவளைக் கூப்பிட்டார்.

"சிரிப்பா வருது? திங்கட்கிழமைக்குள்ள இதே இனத்துல இன்னொன்னு கொண்டு வா. இல்லேன்னா ஹால் டிக்கெட்ல கையெழுத்து கிடையாது!"

"கொண்டு வர்றேன் சார்."

குழு வந்தது. நவநீதராஜ் வாசலுக்கும் மேஜைக்கும் நடையாய் நடந்தார். இசக்கியம்மாள் ஜாடியோடு நுழைந்தாள். உள்ளே, ரோட்டில் வண்டி ஏறிச் செத்த ஒரு பச்சைப் பாம்பு.

"நான் கேட்டது நீலம். இது பச்சை! கண்ணு தெரியல?" என்று கத்தினார்.

"அதே இனந்தான் சார். இப்பதான் ஸ்பிரிட்ல போட்டிருக்கேன். உடம்புல இருக்கிற மஞ்சள் கரைஞ்சதும் நீலமாயிடும். அப்புறம் உங்க பேரை வெச்சுக்கலாம்."

குழுத் தலைவி இரண்டு ஜாடிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். செதிலுக்குச் செதில் ஒன்றுதான். அவர் சிரித்த சிரிப்பு வராந்தாவரை கேட்டது.

இசக்கியம்மாள் ஹால் டிக்கெட்டை நீட்டினாள். நவநீதராஜ் தலை நிமிராமல், வழக்கமான பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

அவள் அதை ஊதிக் காயவைத்தாள். "இது நீலமாயிடாதே, சார்?"