நடுப்புத்தகத்துச் சீட்டு

பெரியவர்களே, சின்னவர்களே, சற்றுக் கேளுங்கள். பனி பெய்யும் தூரதேசம் ஒன்றில், வெகு காலத்துக்கு முன், எளிமையே வழிபாடு என்று ஆமிஷ் என்னும் கிறிஸ்தவச் சபை மக்கள் வாழ்ந்தார்கள். சட்டைக்குப் பொத்தான் இல்லை, சுவரில் படம் இல்லை, கழுத்தில் நகை இல்லை. முன்னோர் சிறையில் கிடந்து பாடிய பாட்டுகளின் தடித்த புத்தகம் மட்டும் வீடுதோறும் இருந்தது.

போதகர் இறந்தால் சீட்டுப் போடுவார்கள். சபையார் சொல்லும் பேர்களுக்கு ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம். ஒன்றில் மட்டும் சீட்டு இருக்கும். அதை எடுத்தவரைத் தேவன் அழைத்தார் என்று பொருள். சம்பளம் கிடையாது, சாகும்வரை அந்தப் பொறுப்பை விடவும் முடியாது.

ஒருமுறை மூவர் பேர் வந்தது: நன்றாகப் பேசும் யோஸ்ட், வயதான கிளாஸ், திக்குவாய் பெனடிக்ட். தொப்பியை மாட்டப் போன யோஸ்ட் கதவிடுக்கில் பார்த்துவிட்டான். சபை மூப்பர் மூன்று புத்தகங்களை வரிசையாக அடுக்கி, நடுப்புத்தகத்தில் சீட்டை வைத்தார்.

முதலில் எடுக்க வேண்டியவன் அவனே. கை நடுவுக்குத்தான் போனது. அதற்குள் அறுக்காத வயல் நினைவுக்கு வந்தது. கை இடப்பக்கம் நகர்ந்தது. 'தெரிந்தே எடுப்பது பதவி ஆசை அல்லவா?' என்று கேட்டு, மனம் அதற்கு அடக்கம் எனப் பேரும் வைத்தது. கிளாஸ் வலப்பக்கத்தை எடுத்தார். நடுப்புத்தகம் பெனடிக்டுக்கு மிஞ்சியது.

"எ... என்னால் ஒரு வரி சேர்ந்தாற்போலச் சொல்ல முடியாதே!" என்று அழுதான் பெனடிக்ட்.

"வேதத்தில் தேவன் அழைத்த மோசேயும் திக்குவாய்தானப்பா. தேவனுக்கு இது பழக்கம்," என்றான் யோஸ்ட். எல்லோரும் சிரித்தார்கள்.

பெனடிக்ட் திக்கித் திக்கிப் போதித்தான். முதல் குளிர்காலத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவதில் அடங்கிக் கேட்டார்கள். மூன்றாவதில், சாகக் கிடந்த ஒருவருக்கு ஜெபிக்க உறைந்த ஆற்றைக் கடந்தபோது பனிக்கட்டி உடைந்து, அவன் மூழ்கிப் போனான்.

மறுபடி சீட்டுப் போடும் நாள். யோஸ்டின் பேரே முதலில் வந்தது. அவன் சபை நடுவே முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னான். முழங்காலிட்டவரை மன்னிப்பது அவர்கள் வழக்கம். மன்னித்தார்கள். பெனடிக்டின் மனைவி வெரோனிகாவும் கைகொடுத்தாள்.

"மன்னித்துவிட்டேன், அண்ணா," என்றாள். "ஆனால் அவர் தினம் பூட்ஸ் மாட்டும்போது, 'தேவன் என்னைத்தான் கூப்பிட்டார், வெரோனி' என்பார். அதைச் சொல்லித்தான் இத்தனை நாள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இனி எதைச் சொல்லிக்கொள்வேன்?"

யோஸ்ட் முழங்காலிலேயே இருந்தான். எழச் சொல்லியும் எழவில்லை.

தன் சுமையைப் பிறர் தோளுக்கு மாற்றியவன் மன்னிப்பை வாங்கலாம். அந்தச் சுமையைத் திரும்ப வாங்க முடியாது.