உடும்பின் நடைக்கூலி

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் தவளைக் குஞ்சுகள் அதைக் கடந்து போகும். அதனால் காட்டை ஆண்ட பிடியானை ஒரு சட்டம் போட்டது.

"குஞ்சுகள் கடக்கும் நாளில் கரைமேல் யாரும் ஓடக் கூடாது! ஓடினால் பத்து இலந்தைப் பழம் அபராதம்!"

அந்தப் பழம், கரையைக் காவல் காத்த மந்திக்குச் சம்பளம். கட்டாதவர்களிடம் வசூலிப்பது ஓர் உடும்பின் வேலை. அது ஒரு நடை போய் வந்தால், நடைக்கூலியாக இன்னும் பத்துப் பழம் ஏறும். மூன்றாம் நடையிலும் கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பதை இழுத்து வரலாம். உடும்புக்கு அந்த வேலையில் பெருமை அதிகம்.

ஒருநாள் முயல் ஒன்று கரைமேல் தலைதெறிக்க ஓடியது. ஒரு குஞ்சுக்குக் காலில் அடிபட்டது. மந்தி அபராதம் போட்டது. முயல் கட்டவில்லை.

உடும்பு புறப்பட்டது.

"முயலே, வெளியே வா! என் கூலியோடு இருபது பழம்!"

வளைக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது.

"இப்போது முப்பது!"

அப்போதும் முயல் வெளியே வரவில்லை. மூன்றாம் முறை உடும்பு கத்தவில்லை. நேரே வளைக்குள் நுழைந்தது. உள்ளே பழம் இல்லை, கிழங்கு இல்லை. மூலையில் ஒரு புல்மெத்தை மட்டும் இருந்தது. அதைக் கவ்வி இழுத்தது.

மெத்தை கீச்சிட்டது!

உடும்பு திடுக்கிட்டு வாயை எடுத்தது. புல்லுக்குள் மூன்று முயல் குட்டிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. இருட்டில் பதுங்கியிருந்த முயல் பாய்ந்து வந்து அவற்றின் மேல் கவிந்துகொண்டது.

"உடும்பண்ணா, மெத்தையை மட்டும் விட்டுவிடுங்கள்!"

உடும்பு மெத்தையைவிட்டு விலகி நின்றது. "அன்று ஏன் அப்படி ஓடினாய்?" என்று மெல்லக் கேட்டது.

"வலி கண்டுவிட்டது அண்ணா. வெட்டவெளியில் பெற்றால் பருந்து தூக்கிவிடும். ஆனால் குஞ்சுக்கு அடிபட்டது என் தப்புதான். நீங்கள் முதலில் வந்த அன்று பத்துப் பழம் சேர்த்து வைத்திருந்தேன். இருபது என்றீர்கள். கையில் இல்லையே என்று பயந்து ஒளிந்தேன். பிறகு வெளியே போகவே தைரியம் வரவில்லை. அந்தப் பழத்தைத் தின்றுதான் பால் கொடுத்தேன்."

உடும்பு கலைந்த புல்லை மூக்கால் தள்ளி, குட்டிகளைச் சுற்றி அணைத்து வைத்தது. பிறகு நேரே பிடியானையிடம் போய் நடந்ததைச் சொன்னது.

"தாயே, வசூலிக்கப் போன என் கால்தான் கடனை வளர்த்திருக்கிறது! முயலிடம் எனக்குக் கூலி வேண்டாம்."

"அபராதம்?"

"அதை அவள் கட்டத்தான் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டட்டும்."

பிடியானை யோசித்தது. "சரி. இனிமேல் முதல் நடைக்கு யாரிடமும் கூலி இல்லை. அந்த நடையில் நீ கேட்க வேண்டியது பழத்தை அல்ல, காரணத்தை!"

முயல் தினமும் இரண்டு பழம் கொண்டுபோய் மந்தியிடம் கொடுத்தது. ஐந்தாம் நாள் தாய்த்தவளை அதன் எதிரே வந்து உட்கார்ந்தது. முயல் தலையைக் குனிந்துகொண்டது.

"என் குஞ்சு இப்போது தாவுகிறான்" என்றது தவளை. "உன் பிள்ளைகளுக்குப் பால் போதுகிறதா, அக்கா?"

தவறு செய்தவர் ஒளியாமல் வாய் திறந்து சொல்லவும், தண்டிக்க வந்தவர் முதலில் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் சின்னக் கடனும் ஒரு குடும்பத்தைக் குலைத்துவிடும்.